கோடிட்ட இடத்து மாலுமி

"நெடுங்காலத்துக்கு முன் இறந்துபோன ஒருவரைப் பாத்திரமாக வைத்துத் திரைக்கதை எழுதுவதற்கு எவருடைய ஒப்புதலும் தேவையில்லை." நான் வேலை பார்த்த படத்தயாரிப்புக் கம்பனியின் நடைமுறைக் கைநூலில் உரிமைகள் பற்றிய அத்தியாயம் இந்த வசனத்தோடுதான் தொடங்கியது. அதை எழுதியவன் நான். ஒரு வசனம், ஒரு பொருள், விதிவிலக்குக் கிடையாது. என் உத்தியோக வாழ்க்கையில் எழுதிய விதிகளுக்குள் இதைவிடச் சுத்தமானது வேறில்லை என்று கொஞ்சக்காலம் பெருமைப்பட்டிருக்கிறேன். அந்த விதி பின்பற்றப்பட்டிருந்தால் நான் சொல்லப்போகும் படம் தாமதமின்றி முடிந்திருக்கும். எல்லோரும் அதை மறந்தும் இருப்பார்கள்.

கைநூல் இப்போது என்னிடம் இல்லை. ஓய்வுபெற்ற அன்று மேசையிலிருந்து எடுத்துவந்தது ஒன்றே ஒன்று, கடிதங்கள் வந்து சேர்ந்த தேதியைக் குத்துகிற றப்பர் முத்திரை. 'பெறப்பட்டது' என்று பிரெஞ்சில் பொறித்திருக்கும். கீழே நாளுக்கும் மாதத்துக்கும் ஆண்டுக்கும் தனித்தனியாகச் சின்னச் சக்கரங்கள். நாளும் மாதமும் இன்றைக்கும் சுழலும். ஆண்டுச் சக்கரம் இரண்டாயிரத்துப் பத்தோடு முடிந்துவிடுகிறது. ஆகவே இனி அந்த முத்திரையால் எந்த இன்றைய தேதியையும் சொல்ல முடியாது. ஒரு பழைய தேதியில் அதை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

கொழும்புச் செயலகத்தில் எழுதுவினைஞனாக இருந்து, எண்பத்து மூன்றுக்குப் பிறகு மொன்றியலுக்கு வந்தவன் நான். முதல் இரண்டு குளிர்காலமும் துறைமுகத்துக் கிட்டங்கியில் பெட்டி ஏற்றினேன். அங்கேயும் பெட்டிகளுக்கு ஒரு பதிவு முறையை உண்டாக்கி மேற்பார்வையாளரின் பகையைச் சம்பாதித்தேன். பிறகு ஜான்-டலோன் சந்தைக்கு அருகே, ஒரு பாலாடைக்கட்டிக் கடையின் மாடியில் இருந்த அந்தப் படக்கம்பனியில் ஒப்பந்தங்களும் உரிமைப் பத்திரங்களும் பார்க்கிற வேலை கிடைத்தது. கலைஞர்கள் கூடுகிற இடத்தில் எல்லாவற்றுக்கும் நடைமுறை தெரிந்த ஒருவன் இருப்பது கலியாண வீட்டில் மருத்துவர் இருப்பது மாதிரி. எல்லோருக்கும் ஆறுதல்தான், ஆனால் பக்கத்தில் உட்கார ஒருவரும் வரமாட்டார்கள்.

கம்பனியின் தயாரிப்பாளர் சென்னைக்காரர். விமான உறுப்புகள் செய்கிற நிறுவனத்தில் பொறியியலாளராக இருந்து, கர்க்லாண்டில் வீடு வாங்கி, பிள்ளைகள் வளர்ந்த பிறகு சினிமா ஆசையை வெளியே எடுத்தவர். என்னைவிட வயது குறைந்தவர் என்பதால் முதலாளியாக இருந்தும் என்னைச் 'சார்' என்பார். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களிடம் பழைய தமிழ் எழுத்துப் பொறித்த வெண்கல மணி ஒன்று இருந்ததல்லவா, அந்தச் செய்தியைப் பள்ளிக்கூடத்தில் கேட்ட நாள் முதல் அவருக்கு அந்த நாட்டின்மேல் ஒரு பாத்தியதை. ஒரு திரைப்பட விழாவில் நியூசிலாந்துத் தயாரிப்பாளர்கள் சிலரைச் சந்தித்து இரவுச் சாப்பாடு முடியும்வரை அந்த மணியைப் பற்றியே பேசியிருக்கிறார். கடைசியில் இரு நாட்டுக் கூட்டுத் தயாரிப்பாக ஒரு தொலைக்காட்சிப் படம் எடுக்க அவர்கள் சம்மதித்தார்கள். பேச்சை நிறுத்துவதற்காகவே சம்மதித்திருக்கலாம் என்பது என் ஊகம்.

பங்காளிக் கம்பனி ஒரு நிபந்தனை வைத்தது: மாவோரிக் கதையை மாவோரி ஒருவர்தான் எழுத வேண்டும். அப்படித்தான் எழுத்தாளர் எங்கள் மாடிப்படியேறி வந்தார். நாற்பது வயதிருக்கும். கணவருக்கு இங்கே பல்கலைக்கழகத்தில் சில ஆண்டு வேலை, அதனால் பார்க் எக்ஸ்டென்ஷனில் குடியிருந்தார். மகளைக் கார்டரி என்கிற பிள்ளைகள் காப்பகத்தில் விட்டுவிட்டுப் பனிச்சப்பாத்தோடு நேரே வருவார். சொந்த நாட்டில் தொடர்களுக்கு மற்றவர்களோடு சேர்ந்து எழுதியிருந்தாரே தவிர, முழுப்படம் ஒன்று அவர் பெயரில் மட்டும் வருவது இதுதான் முதல் தடவை. அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம். இத்தனை ஆண்டுகளில் என் நினைவுக்குள் அது தமிழாகிவிட்டது.

முதல் நாள் தயாரிப்பாளர் மணிக்கதையை அவருக்கு விரிவாகச் சொன்னார். எழுத்தாளர் குறுக்கிடாமல் கேட்டார்.

"தெரியும். எங்கள் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு அவித்தார்கள். நல்ல பானை" என்றார்.

தயாரிப்பாளர் இருமினார். படத்தில் மணி வரவில்லை.

அவர் எழுத வந்த கதை வேறு. மரம் ஏற்ற வந்த பாய்மரக் கப்பலொன்றில், போன நூற்றாண்டுக்கும் முந்தைய நூற்றாண்டில், ஒரு மாவோரி மாலுமி மொன்றியல் துறைமுகத்தில் இறங்கினார். காய்ச்சலில் படுத்தார். ஆறு உறைவதற்குள் கப்பல் போய்விட்டது. குளிர்காலம் முழுவதும் ஐரிஷ்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் நிறைந்த ஒரு வாடகை விடுதியில் கிடந்து, பனி உருகுமுன் செத்துப்போனார். அவருடைய ஊரில் இந்தக் கதை இன்னமும் பேசப்பட்டது. எழுத்தாளர் பக்கத்து ஊர்க்காரி. மாலுமி தன் ஆள் அல்ல, தன் ஆட்களுக்குச் சொந்தக்காரர் என்று விளக்கினார். இந்த வித்தியாசத்தை வெள்ளைக்காரச் சட்டத்தரணிக்கு விளக்க அரை நாள் வேண்டும். எங்கள் இருவருக்கும் அது சொன்னதுமே விளங்கிற்று.

அவர் எழுதுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தது என் அதிர்ஷ்டம். திரையில் மாவோரி என்றால் இரண்டு வகைதான் வரும் என்று அவர் சொல்வார்: கண்ணை உருட்டுகிற வீரன், இல்லாவிட்டால் கடலைப் பார்த்து ஞானம் சொல்கிற கிழவன். அவருடைய மாலுமி இரண்டும் இல்லை. விடுதிச் சூப்பைக் குறைசொன்னார். சீட்டில் கள்ளம் விட்டார். சுருதி சேராமல் பாடினார். "உன் பெயரென்ன" என்று கேட்டவர்களுக்கு மலையிலும் ஆற்றிலும் தொடங்கி, பாட்டன் முப்பாட்டன் வழியாக இறங்கி, தன் பெயருக்கு வந்து சேரும்போது கேட்டவன் தூங்கியிருப்பான். மற்ற எழுத்தாளர்கள் தங்கள் மக்களுக்குக் கௌரவம் தேட அவர்களைப் பெரியவர்கள் ஆக்குவார்கள். இவர் தன் மாலுமிக்கு அறுவை போடுகிற உரிமையைக் கொடுத்தார்.

துறைமுகத்துச் சண்டையில் மாலுமி ஹாக்கா என்ற போர்நடனம் ஆடினால் நன்றாயிருக்கும் என்று தயாரிப்பாளர் ஆசைப்பட்டார்.

"யாரோடு? தன்னந்தனியாகவா? குழுவாக ஆடுவதை ஒருவன் தனியாக ஆடினால் பைத்தியம் என்று நினைப்பார்கள்."

தயாரிப்பாளர் பக்கங்களைப் புரட்டினார். "மேடம், இவரு ரொம்ப சாதாரணமா இருக்காரே."

"நன்றி" என்றார் எழுத்தாளர். அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை.

ஒரேயொரு குறை. திரைக்கதையில் பேசுகிறவரின் பெயரை வசனத்துக்கு மேலே நடுவில் போடுவது வழக்கம். மாலுமியின் பெயர் வரவேண்டிய இடத்தில் எல்லாம் ஒரு கோடு மட்டும் இருந்தது. கோடிட்ட இடத்தை நிரப்புக என்று பரீட்சைத் தாளில் வருமே, அதே மாதிரி. தட்டச்சுப் பிழை என்று நினைத்தேன். பிழையல்ல. பெயர் தெரியாமலும் அல்ல, நன்றாகத் தெரியும். ஆனால் அந்தப் பெயரை ஒரு நடிகன் வாயில் வைக்கலாமா, அந்த மனிதர் தூரதேசத்தில் செத்ததை உலகத்துக்குக் காட்டலாமா என்பதை மாலுமியின் வழிவந்தவர்கள் கூடிப் பேசிச் சொல்ல வேண்டும். ஊர்ப் பொதுமன்றத்துக்கு மராயே என்று பெயர். அங்கே தன் மாமன் ஒருவர் மூலமாகச் சொல்லி விட்டிருப்பதாகவும், பதில் வரும்வரை கோடு கோடாகவே இருக்கும் என்றும் எழுத்தாளர் சொன்னார்.

தயாரிப்பாளர் என் மேசைக்கு வந்தார்.

"சார், செத்துப் போனவர்கிட்ட என்.ஓ.சி. வாங்கணுமா? நீங்கதானே ரூல் போட்டீங்க?"

நான் விதியை எடுத்துக்கொண்டு எழுத்தாளரிடம் போனேன். அவர் நிதானமாக வாசித்தார். நல்ல விதி என்றார். இறந்தவர் எவருக்கும் சொந்தமில்லை என்று நினைக்கிறவர்களுக்கு இது போதும் என்றார். பிறகு தங்கள் நடைமுறையைச் சொன்னார்: யார் கேட்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும், யார் முதலில் பேச வேண்டும், யார் மௌனமாக இருந்தால் சம்மதம், யார் மௌனமாக இருந்தால் மறுப்பு. கேட்கக் கேட்க எனக்குள் ஒரு பழைய உத்தியோகத்தனுடைய மரியாதை எழுந்து நின்றது. என்னுடைய கைநூலைவிட அது நுணுக்கமாக இருந்தது, ஒரு வரிகூட எழுதி வைக்கப்படாமல். வாழ்நாள் முழுவதும் விதிகளோடு இருந்த எனக்கு, என்னைவிட விதி தெரிந்த ஒருவரைக் கண்டால் காதல் மாதிரி ஒன்று வருவதுண்டு. மனைவிக்கு இது தெரியும், அவள் பொருட்படுத்துவதில்லை.

பதில் வரவில்லை. வராததற்கான காரணம் மட்டும் அடிக்கடி வந்தது. இலையுதிர் காலத்தில் ஒரு நாள் எழுத்தாளர் எங்களுக்கு எழுதிய குறிப்பில் "மராயேயில் தங்கி, மூன்று நாள். கூட்டம் தள்ளிப்போகிறது" என்று இருந்தது. குறிப்பு ஆங்கிலம்தான், 'தங்கி' என்ற சொல் மட்டும் அப்படியே ஆங்கில எழுத்தில் இருந்தது. தயாரிப்பாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தங்கி! பாருங்க சார், நம்ம தமிழ் எங்கெல்லாம் போயிருக்குன்னு. யாரோ விருந்தாளி வந்து தங்கியிருக்காங்க, அதான் கூட்டம் நடக்கல."

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. தமிழை அறியாத எந்த அதிகாரிக்கும் வந்திருக்க முடியாத பிழை அது. நிதி தருகிறவர்களுக்கு அனுப்பும் முன்னேற்ற அறிக்கையில், வளாகத்தில் விருந்தினர் தங்கியிருக்கும் காரணத்தால் தாமதம் என்று என்னுடைய சிறந்த செயலக ஆங்கிலத்தில் எழுதினேன். அடுத்த மாதமும் தங்கி. அடுத்த அறிக்கையிலும் விருந்தினர். விருந்தினர்கள் யார், எப்போது புறப்படுவார்கள் என்று அவர்கள் மிகுந்த பண்போடு கேட்டு எழுதினார்கள்.

அறிக்கையின் பிரதி ஒன்று எழுத்தாளருக்கும் போயிருந்தது. அவர் படியேறி வந்து, கதிரையில் விழுந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். தங்கி என்பது அவர்கள் மொழியில் அழுகை, சாவீடு. ஊரில் ஒருவர் இறந்தால் மராயே அவருக்கே. மற்ற அலுவல் எல்லாம் காத்திருக்கும். அந்த ஆண்டு முதியவர்கள் அடுத்தடுத்துப் போய்க்கொண்டிருந்தார்கள்.

நான் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டேன். எங்கள் மொழியில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டார். ஓரிடத்தில் போய் இருந்துவிடுவது, இராப்பொழுதைக் கழிப்பது என்றேன். அவருடைய சிரிப்பு நின்றது.

"அப்படியானால் நீங்கள் பிழையாக எழுதவில்லை, மாதுவா" என்றார். மாதுவா என்பது தகப்பன் வயதுள்ளவரை அழைக்கிற சொல். "விருந்தாளி இறந்தவர். மற்றவர்கள் அவரோடு தங்குகிறார்கள். மண்ணுக்குப் போகும்வரை ஒரு நிமிடமும் அவரைத் தனியே விடுவதில்லை."

என் அண்ணன் யாழ்ப்பாணத்தில் இறந்தபோது போரினால் பாதை பூட்டியிருந்தது. எல்லாம் முடிந்த பிறகுதான் செய்தி வந்தது. கம்பனியில் துக்க விடுப்பு மூன்று நாள் உண்டு, விதிப்படி கிடைத்தது. அந்த மூன்று நாளும் எங்கே போய் இருப்பது என்பது விதியில் இல்லை. இதை எழுத்தாளரிடம் சொல்லும் உத்தேசம் எனக்கு இருக்கவில்லை. ஆனாலும் சொல்லிவிட்டேன். அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. மகளைக் கார்டரியிலிருந்து கூட்டிவர வேண்டிய நேரம்வரை என் மேசைக்கு எதிரே சும்மா இருந்தார்.

நவம்பரில் நெருக்கடி வந்தது. உறைந்த ஆறு இல்லாமல் படம் இல்லை. பெப்ரவரி கடைசியில் எடுக்காவிட்டால் பனிக்கட்டி உடையும், அடுத்த குளிர்காலம்வரை நிதி காத்திருக்காது. பெயரில்லாத நாயகனை நம்பி நடிகரை அமர்த்த முடியாது. தயாரிப்பாளர் இரவு தூங்குவதில்லை என்று அவர் மனைவி என் மனைவிக்குச் சொன்னார். எழுத்தாளருடைய ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு உண்டு: குறித்த காலத்தில் முடித்துத் தராவிட்டால் கம்பனி வேறொருவரைக் கொண்டு முடிக்கலாம், அதுவரை எழுதியதெல்லாம் கம்பனிக்கே சேரும். அந்தப் பிரிவும் என் கைவண்ணம்தான். நகர மையத்தில் வேறொரு எழுத்தாளர் தயாராக இருந்தார். கெட்டவர் அல்ல, வேகமானவர்.

மூவரும் உட்கார்ந்து பேசினோம்.

"பேரை மட்டும் மாத்திடலாம் மேடம். ஊரையும் மாத்திடலாம். கதை அப்படியே இருக்கும்" என்று தயாரிப்பாளர் கெஞ்சாத குறையாகச் சொன்னார்.

"ஏற்கெனவே ஒருமுறை ஊர் பேர் தெரியாதவராகச் செத்தவர். இரண்டாம் தடவையும் அப்படியே சாகட்டும் என்கிறீர்களா?"

எழுத்தாளர் இன்னொன்றும் சொன்னார், என்னைப் பார்த்து. படம் போனால் போகட்டும், வேறு படம் வரும். ஆனால் தன் எழுத்து கம்பனியிடம் இருந்து, இன்னொருவர் கையால் படமானால், அந்த ஊருக்குள் இனி எந்த முகத்தோடு போவது? கேட்பதற்கு முன்பே விற்றுவிட்டாள் என்பார்கள். உண்மையும் அதுதானே என்றார். மராயேக்குச் சொல்லியனுப்புவதற்கு முன்னால் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அவசரக்காரி தான்தான் என்பதையும் மறைக்கவில்லை.

அன்று வீட்டில் சாப்பிடும்போது மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சோற்றைப் பிசைந்தபடி கேட்டாள். முந்தின கிழமை தொலைக்காட்சியில் இலங்கைத் தமிழ் அகதி ஒருவன் வருகிற நாடகம் போயிருந்தது.

"அந்தப் பெடியன் சப்பாத்தி திண்டுகொண்டு சிதார் கேக்கிறான். பேரைப் பாத்தால் பஞ்சாபிப் பேர். எங்களை ஆரும் கேட்டவையே? அந்தப் பிள்ளை கேட்டுட்டு எழுதப்போறன் எண்டு நிக்குது. நீங்கள் அவளை வெளியில விடப்போறியள்."

"நான் இல்லை. ஒப்பந்தம்."

"ஓம். அதை எழுதினது ஆர், பக்கத்து வீட்டுக்காரனோ?"

அடுத்த நாள் கூட்டுத் தயாரிப்பு ஒப்பந்தத்தை முதலிலிருந்து வாசித்தேன். நடைமுறை தெரிந்தவன் என்றால் காரியத்தைத் தடுப்பவன் என்றே உலகம் நினைக்கிறது. தடுக்க வேண்டியதைத் தடுக்கவும் அது உதவும் என்பதை ஒருவரும் நினைப்பதில்லை. பிற்பகுதியில் இருந்தது நான் தேடியது: எழுத்தாளரை மாற்றுவதற்குப் பங்காளிக் கம்பனியின் எழுத்துமூலமான ஒப்புதல் வேண்டும், அதைப் பதிவுத் தபாலில் கோர வேண்டும். நான் கோரினேன். மிக முறையாக, இணைப்புகளோடு, கிறிஸ்மஸ் நெருங்கும் வேளையில், பதிவுத் தபாலில்.

"சார், ஈமெயில்னு ஒண்ணு இருக்கு, தெரியுமா?" என்றார் தயாரிப்பாளர்.

"எனக்குத் தெரியும். ஒப்பந்தத்துக்குத் தெரியாது."

நியூசிலாந்தில் அப்போது கோடை. கிறிஸ்மசுக்கு மூடிய அலுவலகங்கள் ஜனவரி நடுவில்தான் சோம்பல் முறிக்கும், கடற்கரையிலிருந்து ஆட்கள் திரும்ப அதற்கும் மேலாகும். இது தயாரிப்பாளருக்கும் தெரியும். விரும்பியிருந்தால் தொலைபேசியை எடுத்து ஒரே நாளில் முடித்திருக்கலாம். எடுக்கவில்லை. "சரி, ப்ரொசீஜர்னா ப்ரொசீஜர்தான்" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார். மணிக்காரர் என்று அவரை நான் கிண்டல் செய்ததற்கெல்லாம் அன்று மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

பெப்ரவரி இரண்டாம் வாரத்தில் எழுத்தாளர் தொலைபேசியில் அழைத்தார். ஊரில் கூட்டம் நடந்துவிட்டதாம். பதில் என்னவென்று கேட்டேன். தெரியாது என்றார். அனுப்பியிருக்கிறார்களா என்றேன். இப்படிப்பட்ட பதிலைத் தபாலிலோ தொலைபேசியிலோ அனுப்ப மாட்டார்கள், முகத்துக்கு முகம் சொல்ல வேண்டும், ஆகவே பதில் விமானம் ஏறிவிட்டது என்றார். எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. ஊரார் காசு சேர்த்து மாலுமியின் வழிவந்த கிழவர் ஒருவரையும் ஒரு பெரிய மனுஷியையும் பூமியின் அந்தப் பக்கத்திலிருந்து அனுப்பியிருந்தார்கள். மறுப்பு என்றாலும் நேரில் வந்துதான் மறுப்பார்கள்.

டோர்வல் விமான நிலையத்துக்கு நாங்கள் போனபோது வியாழக்கிழமை பிற்பகல். என் மனைவி, கோடையிலிருந்து வருகிறவர்கள் என்று, வீட்டிலிருந்த தடித்த மேலங்கிகளை எல்லாம் தூக்கி வந்தாள். தயாரிப்பாளர் கர்க்லாண்டிலிருந்து தன் வாகனத்தில் வந்தார். கையில் சரிகைக் கரை போட்ட பொன்னாடை. பெரியவர்கள் வருகிறார்களே, வெறுங்கையோடு எப்படி நிற்பது என்றார்.

கண்ணாடிக் கதவு திறந்து அவர்கள் வந்தார்கள். மெல்லிய கோட்டுப் போட்ட உயரமான கிழவர். பக்கத்தில் கறுப்புடுத்திய பெண், தலையில் துக்கத்துக்கு அடையாளமாக இலை செருகியிருந்தார். நான் கைகொடுக்க முன்னே போனேன். எழுத்தாளர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். பிறகு நிமிர்ந்து நின்று குரல் எடுத்தார். மெலிந்த, நீண்ட, இறங்கி வந்து முடிகிற ஓர் அழைப்பு. வண்டி தள்ளியவர்கள் நின்றார்கள். காவல்காரர் ஒருவர் திரும்பினார். அந்தப் பெண் நடையை நிறுத்தி அதே மாதிரிக் குரலில் பதில் கொடுத்தார். விருந்தினரை வீட்டுப் பெண் அப்படித்தான் அழைக்க வேண்டும். மொன்றியலில் அன்று அந்த மாலுமிக்கு வீட்டுப் பெண் என்று இருந்தவர் எழுத்தாளர் ஒருவர்தான். மூவரும் அழுதார்கள். அதன் பிறகு கிழவர் எங்கள் ஒவ்வொருவரிடமும் வந்து மூக்கோடு மூக்கு வைத்து அழுத்தினார். என் மனைவி ஒரு கணம் பின்வாங்கி, பிறகு முகத்தைக் கொடுத்தாள். தயாரிப்பாளர் பொன்னாடையைப் போர்த்தினார். கிழவர் அதைத் தடவிப் பார்த்து, கழுத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். ஊர் திரும்பும்வரை அவர் அதைக் கழற்றியதை நான் பார்க்கவில்லை.

பதிலை அங்கே கேட்கக்கூடாது என்று எனக்கும் தெரிந்திருந்தது. முதலில் ஆற்றங்கரைக்குப் போக வேண்டும் என்றார்கள். பழைய துறைமுகத்தில், காற்று கன்னத்தைக் கிழிக்கிற குளிரில், உறைந்த ஆற்றைப் பார்த்துக் கிழவர் பேசினார். எங்களிடம் அல்ல. நடுவில் எங்கோ ஒரு பெயர் வந்தது. திரும்பவும் வந்தது. எழுத்தாளர் என் கையை இறுக்கினார். அந்தக் கோட்டின் மேல் நிற்க வேண்டிய பெயர் அதுதான் என்று சொல்லாமலே விளங்கிற்று.

பேசி முடித்துக் கிழவர் எழுத்தாளரிடம் திரும்பினார். சம்மதம். ஆனால் இரண்டு திருத்தம். சீட்டில் கள்ளம் விட்டது உண்மை, இருக்கட்டும். "சுருதி சேராமல் பாடினார் என்று எழுதியிருக்கிறாயாம். எங்கள் வழியில் ஒருவரும் அப்படிப் பாடியதில்லை. அதை மாற்று."

இரண்டாவது, சாகிற காட்சி. எழுத்தாளர் எழுதியபடி மாலுமி இறந்ததும் படம் விடுதிக்கு வெளியே, பனிக்குப் போய்விடும். அது வேண்டாம், விடுதிக்காரர்கள் அவரோடு தங்க வேண்டும், படமும் தங்க வேண்டும் என்றார்.

தயாரிப்பாளருக்குள் இருந்த தொழில்காரர் விழித்துக்கொண்டார். எத்தனை நேரம் என்று கேட்டார். மூன்று நிமிடம் என்றார்கள். ஒன்றுமே நடக்காமல் மூன்று நிமிடம் தொலைக்காட்சியில் தாங்காது என்று பணிவாகச் சொல்லிப் பார்த்தார்.

"நாங்கள் மூன்று நாள் இருப்போம். உங்களிடம் மூன்று நிமிடம்தான் கேட்கிறோம்" என்றார் கிழவர்.

தயாரிப்பாளர் என்னைப் பார்த்தார். "தங்கி" என்றேன். "தங்கட்டும் சார்" என்றார்.

படம் அந்த மாதமே எடுக்கப்பட்டது. ஒளிபரப்பான இரவு கன பேர் பார்த்ததாகச் சொல்ல முடியாது. நாயகன் மிகச் சாதாரணமானவராக இருக்கிறார் என்று ஒரு பத்திரிகை குறைசொன்னது. எழுத்தாளர் அந்தப் பக்கத்தை வெட்டித் தன் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்தார். கணவருடைய வேலைக்காலம் முடிந்ததும் அவர்கள் நாடு திரும்பினார்கள். நான் ஓய்வுபெறுமுன் கைநூலின் அந்த வசனத்துக்குப் பின்னால், 'ஆயினும் கேட்கவும்' என்று இரண்டு சொல் சேர்த்தேன். விதிவிலக்கு இல்லாத என் ஒரே விதி அப்படிக் கெட்டது. மூன்று நிமிடக் காட்சியை நான் இன்றைக்கும் போட்டுப் பார்ப்பதுண்டு. ஒரு ஐரிஷ்காரி மெழுகுவர்த்தியை மாற்றுகிறாள். ஒருவன் சீட்டைக் கலைத்து, போடாமலே கையில் வைத்திருக்கிறான். வேறொன்றும் நடப்பதில்லை. என் அண்ணனுக்கான நேரத்தையும் அதிலேயே கழித்துக்கொள்கிறேன்.

அந்த மாலுமியின் பெயரை இங்கே எழுதவில்லை. அனுமதி படத்துக்குத் தரப்பட்டது, எனக்கு அல்ல. ஒருவர் பெயரை மறைத்து மற்றவர்கள் பெயரைப் போடுவது முறையில்லை என்பதால் இந்தக் கட்டுரையில் எவர் பெயரும் இல்லை.

ஆற்றங்கரையிலிருந்து அன்று எல்லோரும் எங்கள் மாடிக்கு வந்தார்கள். மனைவி தேநீர் கொடுத்தாள். எழுத்தாளர் என் பேனாவை வாங்கி, முதல் பக்கத்தில் இருந்த கோட்டின் மேல் பெயரை எழுதினார். பதில் வந்தால் வரவு வைப்பது என் கடமை. பதில் கழுத்தில் சரிகைப் பொன்னாடையோடு சூடான தேநீரை ஊதிக்கொண்டிருந்தது. அதன் மேல் முத்திரை குத்த முடியாது. ஆகவே அந்தப் பக்கத்தின் மூலையில் குத்தினேன். கிழவர் எட்டிப் பார்த்து, சரிதானா என்பதுபோல் எண்களை வாய்க்குள் வாசித்தார். முத்திரையின் சக்கரங்களை அதற்குப் பிறகு எத்தனையோ தடவை திருப்பியிருக்கிறேன். ஓய்வுபெற்று வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அதே தேதிக்குத் திருப்பி வைத்தேன். இழுப்பறையைத் திறந்தால் இன்றும் அதே தேதியில்தான் நிற்கிறது.

பெறப்பட்டது: 2006 பெப்ரவரி 9.